செந்தூல் ஈரத்தில் டாங்கி மாடல்: வெண்படலம் முதல் விண்டுபோன சக்கரம் வரை

டாங்கி மாடல் கட்டுகிறவர்கள் என்னிடம் தூக்கிக்கொண்டு வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் கைத்தவறு இல்லை. காற்றில் இருக்கும் ஈரம் செய்த வேலை. செந்தூல் இருக்கும் கோலாலம்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். பகல் ஒன்று, இரண்டு மணிவாக்கில் 60-களுக்கு இறங்கும். நாலு மணிக்கு இடியோடு மழை பிடித்தால் திரும்பவும் ஏறிவிடும். பெயின்ட் புட்டியில் அச்சடித்திருக்கும் குறிப்பு ஜப்பானிலோ ஸ்பெயினிலோ எழுதியது. நம் ஊர்க் காற்றுக்கு நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

அதனால் முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். 20 வெள்ளிக்குள் கிடைக்கும். காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 70-க்கு மேல் காட்டினால் நான் லேக்கர் வகை (வேகமாக ஆவியாகும் கரைப்பானில் கலந்த பெயின்ட், வார்னிஷ்) எதையும் அடிப்பதில்லை. அறையில் ஏர்கோனை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, 60-க்குக் கீழே வந்த பிறகே புட்டியைத் திறப்பேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீட்டில் லேக்கர் அடிப்பவர்கள் பூசை அறை விளக்கு அணைந்திருக்கிறதா, சாம்பிராணித் தணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் தின்னரின் ஆவி தீப்பிடிக்கும். ஆவி வடிகட்டும் முகக்கவசம் போடாமல் அடிக்கவே கூடாது. தூசிக்குப் போடும் துணி மாஸ்க் இதற்கு உதவாது.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மாடலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். அளவு எல்லாம் 1/35-க்கு, அதாவது நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள மாடலுக்குச் சொன்னவை.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்ததும் வெள்ளையாகப் படர்கிறது

கிள்ளானிலிருந்து அக்கா மகன் ஒரு சனிக்கிழமை ஏப்ராம்ஸ் என்ற அமெரிக்க டாங்கி மாடலை ஷூ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். மூடியைத் திறந்தால் டரட் (பீரங்கி தாங்கிய சுழலும் மேற்கூண்டு) முழுக்கத் திருநீறு பூசியது போல இருந்தது. மூன்று மாத வேலை. பையன் முகம் வாடிப்போயிருந்தது.

"மாமா, வார்னிஷ் கெட்டுப் போச்சா?"

"வார்னிஷ் நல்லாத்தான் இருக்கு. எத்தனை மணிக்கு அடிச்சே?"

"ராத்திரி எட்டு இருக்கும். மழை விட்டதும் அடிச்சேன்."

அதுதான் காரணம். லேக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அது பட்ட இடம் சில்லென்று குளிர்ந்துவிடும். ஐஸ் போட்ட தேத்தண்ணீர்க் கிளாஸின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, காற்றிலிருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த படலத்தில் படிந்து, பெயின்ட் இறுகும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும். நமக்கு அது வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் இருக்கும் நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்ய வேண்டியது: உடனே துடைக்காதீர்கள், கையால் தொடவும் வேண்டாம். ஏர்கோன் ஓடும் அறையில் ஓர் இரவு வையுங்கள். லேசான படலம் தானாகவே போய்விடுவதுண்டு. போகாவிட்டால், மறுநாள் ஈரம் 60-க்குக் கீழே இருக்கும் நேரமாகப் பார்த்து, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் ஊற்றி, ஒரு சாண் தள்ளி நின்று, புகைபோல ஒரே ஒரு சுற்று அடியுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் சரக்கு அந்தத் தின்னரில் கலந்திருக்கிறது. இறுகிய படலம் கொஞ்சம் இளகும், மாட்டியிருந்த ஈரம் வெளியேறும், வெள்ளை கண் முன்னால் மறையும். ஈரமாகப் பளபளக்கும் அளவுக்கு அடித்தால் அடியில் இருக்கும் வாஷும் (பள்ளங்களில் நிழல் காட்ட விடும் நீர்த்த பெயின்ட்) எண்ணெய் பெயின்ட்டும் கரைந்து ஓடிவிடும். ஒரு சுற்று, பத்து நிமிடம் பொறு, தேவையென்றால் இன்னொரு சுற்று. அப்படித்தான் போக வேண்டும்.

இதே மாதிரி தெரிகிற வேறொரு பழுதும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளை எங்கே சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பனிமூட்டம் போல எங்கும் பரவியிருந்தால் அது ஈரம். போல்ட்டுகளைச் சுற்றியும், மூலைகளிலும், பள்ளங்களிலும் மட்டும் மாவு போலத் தேங்கியிருந்தால் அது வார்னிஷில் இருக்கும் மேட் பொடி. புட்டியைச் சரியாகக் குலுக்காததாலோ, மேட் ஆக்கும் ஃபிளாட் பேஸ் அதிகம் கலந்ததாலோ, ஒரே இடத்தில் ஊறும்படி அடித்ததாலோ வருவது. தின்னர் புகை இதற்கு மருந்தில்லை. மேலே ஒரு சுற்று பளபளப்பு தரும் கிளாஸ் வார்னிஷ் அடித்தால் பொடி கண்ணுக்கு மறைந்துவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, புட்டியின் அடி வரை கிளறிவிட்டு, மெல்லிய மேட் சுற்றுகளாகப் போடுங்கள்.

பையனுடைய ஏப்ராம்ஸ் இரண்டு புகைச் சுற்றில் தெளிந்துவிட்டது. டரட்டின் பின்கூடை ஓரத்தில் மட்டும் ஒரு நகக்கண் அளவு நின்றது. அதன் மேல் தூசி நிறம் தடவிவிட்டோம்.

பெயின்ட்டில் திடீரென்று தண்ணீர்ப் பொட்டு விழுகிறது

முதல் பத்து நிமிடம் ஒழுங்காக அடித்து, பிறகு துப்புகிறதா? கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும். அந்தக் காற்று ரப்பர் குழாயில் வரும் வழியில் ஆறும்போது ஈரம் தண்ணீராகிவிடும். கம்ப்ரசரில் மாட்டியிருக்கும் வடிகட்டி அந்த இடத்தில் இன்னும் சூடான காற்றைத்தான் பார்க்கிறது. அதனால் கைப்பிடிக்குக் கீழே இன்னொரு சின்ன வடிகட்டி மாட்டுங்கள். குழாயை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். நான் ஒரு மாதம் திறக்காமல் விட்டுத் திறந்தபோது அரைக் கிளாஸ் பழுப்புத் தண்ணீர் வந்தது.

விழுந்த பொட்டைத் துடைக்காமல் காயவிடுங்கள். மறுநாள் 2000 நம்பர் உப்புத்தாளை ஈரமாக்கி தேய்த்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் போதும்.

மேற்பரப்பு மணல் தடவியது போல் சொரசொரப்பு

துளி காற்றிலேயே காய்ந்து தூளாக விழுகிறது. நேராக ஏர்கோன் காற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அடித்தால் இப்படி ஆகும். ஏர்கோனை அறையை உலர்த்த ஓடவிடுங்கள், அடிக்கும்போது நிறுத்திவிடுங்கள். தமியா அக்ரிலிக்கை லெவலிங் தின்னரில் கலந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். வல்லேஹோ பெயின்ட்டில் மட்டும் அதை ஊற்றாதீர்கள், தயிர் போலத் திரிந்துவிடும். அதற்கு அதனுடைய தின்னர்தான்.

இன்னொன்று: புதுக்கால டாங்கி மேல்தளத்தில் சொரசொரப்பு எல்லாமே பழுது இல்லை. ஜெர்மனியின் லெப்பர்ட் 2, ஏப்ராம்ஸ் இரண்டிலும் வீரர்கள் நடக்கும் தளத்தில் வழுக்காமல் இருக்கக் கரடுமுரடான பூச்சு பூசியிருப்பார்கள். அதையும் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் மாடல் பொம்மையாகிவிடும். தடித்த அடிப்பூச்சான மிஸ்டர் சர்ஃபேசர் 500-ஐப் பழைய பிரஷால் குத்திக் குத்தி வைத்தால் அந்தப் பூச்சு வரும்.

டீகால் ஓரத்தில் வெள்ளி பூக்கிறது

டீகால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படம். அதற்கு அடியில் காற்று மாட்டியிருக்கிறது. மேட் பெயின்ட் நுண்ணளவில் கரடுமுரடானது, அதன் மேல் நேராக டீகால் ஒட்டினால் பள்ளங்களில் காற்று நின்றுவிடும். முதலில் கிளாஸ், அதன் மேல் டீகால், கடைசியில் மேட். இந்த வரிசை மாறக் கூடாது. ஏற்கெனவே பூத்துவிட்டதென்றால் மெல்லிய ஊசியால் வெள்ளி தெரியும் இடத்தில் ஏழெட்டு முறை குத்தி, டீகாலை இளக்கும் மிஸ்டர் மார்க் சாஃப்டரை ஒரு துளி விட்டு, அது வேலை செய்யும்வரை சும்மா இருங்கள். டீகால் சுருங்கிக் கோணலாகும், பயமாக இருக்கும். அந்த நேரத்தில் தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் தானே இழுத்துப் படிந்துகொள்ளும்.

வாஷ் விட்ட மறுநாள் சக்கரத் தண்டு விண்டுபோகிறது

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கிட் செய்தவன் தப்பு என்று நினைத்து இரண்டாவது கிட் வாங்கி, இரண்டாவது முறையும் இதே இடத்தில் விழுகிறார்கள்.

எனக்கு லெப்பர்ட் 2-இல் ஆனது. பக்கத்துக்கு ஏழு சக்கரம். ஒவ்வொன்றையும் தண்டில் இறுக்கி அழுத்தி மாட்டினேன், சக்கரங்களைச் சுற்றும் டிராக் பெல்ட்டையும் இழுத்துப் போட்டேன். நன்றாக நிற்கிறதே என்று ஒரு திருப்தி. அன்றிரவு அடிப்பகுதிக்கு எனாமல் வாஷைத் தாராளமாக ஊற்றி, மாடலை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்பக்கத்து மூன்று தண்டுகள் வேரோடு துண்டாகிக் கிடந்தன. அறுந்த முகம் கத்தியால் வெட்டியது போல நேராக, பளபளவென்று இருந்தது. அதுதான் அடையாளம். அடிபட்டு ஒடிந்தால் பிளாஸ்டிக் வளைந்து வெளுத்திருக்கும். இங்கே வெளுப்பே இல்லை.

காரணம் இரண்டு சேர்ந்து வருவது. இறுக்கி மாட்டிய பிளாஸ்டிக் எந்நேரமும் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் எனாமல் தின்னரோ வைட் ஸ்பிரிட்டோ தேங்கி நின்றால், முறுக்கு இருக்கும் கோட்டில் ஊடுருவிப் பிளந்துவிடும். முறுக்கு மட்டும் இருந்தாலோ, தின்னர் மட்டும் லேசாகப் பட்டாலோ ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஒரு மாடலில் நடக்கிறது, இன்னொன்றில் நடப்பதில்லை.

சரிசெய்ய: ஒடிந்த இரண்டு முகத்திலும் நட்டநடுவில் 0.8 மில்லிமீட்டர் துளை போடுங்கள். அதே தடிப்பில் பித்தளைக் கம்பியை வெட்டிச் சொருகி, எபாக்சி வைத்து இணையுங்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் வேண்டாம். தின்னர் ஊறிய முகத்தில் அது பிடிப்பதில்லை. கம்பி வைத்த தண்டு பழைய தண்டைவிட உறுதியாக இருக்கும்.

திரும்ப வராமல் இருக்க, கட்டும்போதே சக்கரத் துளையை வட்ட அரத்தால் ஒரு திருகு திருகித் தளர்த்துங்கள். சக்கரம் தண்டில் விழ வேண்டும், ஏறக் கூடாது. பெல்ட் டிராக் இழுப்பு முன்னால் டிராக்கைத் திருப்பிவிடும் ஐட்லர் சக்கரத்தை நாள் முழுக்கப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். டிராக்கை வாஷ் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு மாட்டுங்கள். வாஷ் விடும் முன்பு அடிப்பகுதியில் பெயின்ட் படாத வெற்றுப் பிளாஸ்டிக் எங்காவது தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கமும் தண்டின் வேரும்தான் பெயின்ட் எட்டாத இடங்கள். வாஷை நுனிப் பிரஷால் தொட்டு வையுங்கள், தேங்கினால் காய்ந்த பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள்.

வாஷ் காய்ந்ததும் கோலம் போட்டது போல வளையம் நிற்கிறது

மேட் பரப்பில் வாஷ் விட்டிருக்கிறீர்கள், அது ஊறிப்போய் ஓரத்தில் கறையாக நின்றுவிட்டது. ஒரு நாள் ஆகியிருந்தால் தின்னரில் லேசாக நனைத்த அகலப் பிரஷால் மேலிருந்து கீழாக இழுத்தால் கரையும். ஒரு வாரம் ஆகிவிட்டதென்றால் சண்டை போடாமல் அதன் மேல் தூசி நிறத்தைக் கொண்டுபோங்கள். அடுத்த முறை பரப்பைச் சுத்தமான தின்னரால் முதலில் நனைத்துவிட்டு வாஷ் தொடுங்கள்.

எண்ணெய் பெயின்ட் புள்ளி வைத்து இழுப்பவர்களுக்கு: நாலைந்து நாள் ஆகியும் பிசுபிசுப்பும் பளபளப்பும் போகவில்லையென்றால் அதில் ஆளிவிதை எண்ணெய் மிச்சம் இருக்கிறது. டியூபிலிருந்து பெயின்ட்டை அட்டைத்துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை குடித்துவிடும். இந்த ஊரில் இதைத் தவிர்த்துவிட்டு வேலை செய்ய முடியாது.

ஹேர்ஸ்பிரே போட்டும் பெயின்ட் உதிரவில்லை. அல்லது தாள்தாளாக உரிகிறது

அடிநிறத்தின் மேல் ஹேர்ஸ்பிரே அடித்து, அதன் மேல் பெயின்ட் போட்டு, ஈரப் பிரஷால் தேய்த்து உரிந்த தடம் காட்டும் வேலை இது. உதிரவில்லை என்றால் மேல் பெயின்ட் லேக்கர் தின்னரில் கலந்ததாக இருக்கும், அல்லது மிகத் தடிப்பாக இருக்கும், அல்லது மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வைத்திருப்பீர்கள். மேல் கோட்டைத் தமியா எக்ஸ்-20ஏ-யிலோ வெறும் தண்ணீரிலோ கலந்து மெல்லியதாக அடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஈரப் பிரஷ் வையுங்கள்.

தாளாக உரிந்தால் ஹேர்ஸ்பிரே அதிகம், அதுவும் காய்வதற்குள் பெயின்ட் அடித்துவிட்டீர்கள். மழை நாளில் ஹேர்ஸ்பிரே கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துத் தள்ளிப் பிடித்து, ஒட்டு நின்ற பிறகு தொடருங்கள்.

உதிர்ந்த தடம் எவ்வளவு பெரியது என்பதையும் கணக்குப் பாருங்கள். மாடலில் 1 மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் 35 மில்லிமீட்டர். நீங்கள் விட்ட 3 மில்லிமீட்டர் உரிசல் நிஜத்தில் நாலு விரல் அகலத்துக்கு மேல். பூட்ஸ் கால் பட்டு அவ்வளவு பெரிதாக உரியாது. ஹேட்ச் ஓரத்திலும் ஏறும் படியிலும் பிரஷ் நுனியால் பொட்டுப் பொட்டாக வைத்தாலே போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பழைய இரும்புக் கடைச் சாமான் மாதிரி இருக்கிறது

இது பெயின்ட் பழுது இல்லை, பார்வைப் பழுது. நான் மிகவும் மனம் வருந்துவதும் இதைப் பார்த்துத்தான். நல்ல கையுள்ளவர்கள் இரண்டாம் உலகப்போர் டாங்கிக்குப் பழகிய துருவையும் உரிசலையும் அப்படியே புதுக்கால டாங்கியிலும் கொட்டிவிடுகிறார்கள்.

ஒரு படையிடம் இருக்கும் டாங்கிகளை நினைத்துப் பாருங்கள். மலேசியத் தரைப்படை 2003-இல் போலந்திடம் வாங்க ஒப்பந்தம் போட்ட பிடி-91எம், நாம் பெண்டேகார் என்று சொல்வது, மொத்தம் 48 தான். டி-72 என்ற சோவியத் டாங்கியின் வழி வந்த வண்டி. 125 மில்லிமீட்டர் பீரங்கி, மேலே எராவா வெடிகவசக் கட்டிகள், விலை மதிப்புள்ள குறிபார்க்கும் கருவிகள். அப்படிப்பட்ட வண்டியைத் துருப்பிடிக்கவிட்டு யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். பயிற்சி முடிந்ததும் கழுவுவார்கள், பெயின்ட் தொட்டு வைப்பார்கள். பீரங்கிக் குழல் மேல் வெப்ப உறை சுற்றியிருக்கும். அதைத் துருநிறமாக்கினால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். புகைக்குண்டு வீசும் குழாய்கள், ஆன்டெனா அடி, ரப்பர் ஸ்கர்ட் இவற்றிலும் துரு இல்லை. துரு வரக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: டிராக் இரும்பு, இழுவைக் கம்பிவடம், புகைபோக்கி வாய். டி-72-இல் புகைபோக்கி இடப்பக்கம் பின்னால். அங்கே துருவைவிடக் கருப்புப் புகைப்படிவுதான் முக்கியம்.

புதுக்கால டாங்கியை வயதாக்குவது தூசியும், மண்ணும், மழைத்தாரையும், எரிபொருள் சிந்திய கறையும்தான். அதற்கு நல்ல பாடசாலை நம் ரோட்டிலேயே இருக்கிறது. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் மண் லோரிகள் வரிசையில் நிற்கும்போது போய்ப் பாருங்கள். நான் ஜாலான் ஈப்போவில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒரு லோரியின் பின்சக்கரப் பக்கம் மூன்று நிறம் தெரிந்தது. சக்கரக் குழிக்குள் நேற்றைய மண், வெளுத்து, வெடித்து. அதன் மேல் இன்றைய மண், ஈரச் செம்பழுப்பு, ஓரத்தில் பளபளப்பு. பக்கப் பலகையில் மாவு போலத் தூசி, அதில் நேற்றைய மழை கோடு கோடாக வழிந்து அடியில் நகம் போல நுனி கட்டியிருந்தது. போல்ட் ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னத் தாரை. ஓட்டுநர் ஏறும் படியில் மட்டும் தூசி இல்லை, இரும்பு மினுங்கியது. டாங்கியும் இப்படித்தான். கால் படும் இடம் சுத்தமாகும், கை படாத இடம் மண் பிடிக்கும்.

ஏற்கெனவே துருவைக் கொட்டிவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். அடிநிறத்தையே இன்னும் கொஞ்சம் வெளிறக் கலந்து, மிக மெல்லியதாக ஏர்பிரஷில் துரு மேல் புகையாக அடியுங்கள். நேட்டோ பச்சை வண்டியென்றால் தமியா எக்ஸ்எஃப்-67-இல் கொஞ்சம் பஃப் என்ற வெளிர்மஞ்சள் பழுப்பு நிறம். துரு முக்கால்வாசி அடங்கி, மங்கிய நிற வேறுபாடாக மாறிவிடும். அந்த வேறுபாடு அழகாகவே இருக்கும்.

பிக்மென்ட் தூசி வார்னிஷ் அடித்ததும் காணாமல் போகிறது

பிக்மென்ட் என்பது உலர்ந்த நிறப்பொடி. அதன் மேல் வார்னிஷ் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றுதான் தூசியைத் தூசியாகக் காட்டுகிறது. வார்னிஷ் அந்த இடத்தை நிரப்பிவிடும். மேட் வார்னிஷை முடித்துவிட்டு, கடைசி வேலையாகப் பிக்மென்ட் வையுங்கள். உலர்ந்த பொடியைப் பரப்பி, பிரஷ் நுனியிலிருந்து வைட் ஸ்பிரிட்டையோ பிக்மென்ட் ஃபிக்சரையோ ஓரத்தில் தொட்டால் அது தானே ஊறிப் பரவும். நனைந்தபோது கருத்துத் தெரிவதைப் பார்த்து இன்னும் பொடி சேர்க்காதீர்கள். காய்ந்ததும் வெளுக்கும்.

நிறம் ஒரே மாதிரி செங்கல் தூள் போல் தெரிந்தால், ஒரே புட்டியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நம் நாட்டு மண்ணே ஒரு நிறம் கிடையாது. செம்பனைத் தோட்டத்து மண்பாதை செம்மண். பழைய ஈயலம்பம் (ஈயச் சுரங்கம்) இருந்த இடங்களில் மணல் வெளுத்துக் கிடக்கும். சுண்ணாம்புக்கல் உடைக்கும் பக்கம் போனால் தூசி சாம்பல். பெண்டேகார் கட்டும்போது செம்மண் நிறத்தை அடியாக வைத்து, அதில் ஒரு பங்கை வெளிர் மணலோடும் இன்னொரு பங்கைக் கரும்பழுப்போடும் கலந்து, மிச்சத்தை அப்படியே விட்டு, மூன்று கிண்ணம் வைத்துக்கொண்டேன். வெளிறியது மேலே, கருத்தது சக்கரத்தை ஒட்டி. செம்மண்ணை மேல்தளத்துக்குக் கொண்டுபோகும்போது கை அடங்க வேண்டும். பச்சையின் மேல் சிவப்பு சீக்கிரமே கூவத் தொடங்கும்.

சேறு வெடித்துக் கழன்று விழுந்தால் ஒரே தடவையில் தடிப்பாக அப்பியிருக்கிறீர்கள். பிக்மென்ட்டோடு அக்ரிலிக் ரெசினும் பிளாஸ்டரும் கலந்து, ஒரு மில்லிமீட்டருக்குள் வையுங்கள். காய்ந்த பின் அடுத்த பூச்சு. ஈரச்சேறு வேண்டுமானால் அதே நிறத்தில் கிளாஸ் வார்னிஷ் கலந்து நடு நடுவே மட்டும் தொடுங்கள்.

பெல்ட் டிராக்கில் பெயின்ட் செதிள் செதிளாக உரிகிறது. டிராக் காற்றில் மிதக்கிறது

டிராக்கைப் பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். அச்சு எண்ணெய் போகாமல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. சக்கரத்தைச் சுற்றி வளைத்து மாட்டிய நிலையிலேயே பெயின்ட் அடித்தால் பிறகு வளைக்க வேண்டியதில்லை, உரியாது.

டி-72-இல் டிராக்கின் மேல்பகுதியைத் தாங்கும் சின்ன உருளை, ரிட்டர்ன் ரோலர், பக்கத்துக்கு மூன்று. அவற்றுக்கு நடுவே டிராக் எடையால் கொஞ்சம் தொங்க வேண்டும். பெல்ட் டிராக் நேராக விறைத்து நின்றால், டிராக்குக்கும் ஃபெண்டருக்கும் நடுவே பஞ்சுத்துண்டைத் திணித்துக் கீழே அழுத்தி, சக்கர உச்சியில் சூப்பர் குளூ ஒரு பொட்டு வைத்து ஓர் இரவு விடுங்கள். ரப்பர் பட்டை வைத்த டிராக்கென்றால் தரையைத் தொடும் ரப்பரை மங்கிய கருஞ்சாம்பலாக்கி, இரும்புக் கண்ணிகளின் ஓரத்தில் மட்டும் பென்சில் கரி தேய்த்து மினுக்குங்கள். முழுத் தகட்டையும் வெள்ளியாக்குவது ரப்பர் இல்லாத டிராக்குக்கு உரியது.

பழைய கிட்டுகளில் மெத்தென்ற கருப்பு வினைல் டிராக் இருந்தால் அதைப் பிளாஸ்டிக் சக்கரத்தோடு ஒட்டவைத்து வருடக்கணக்கில் பெட்டியில் விடாதீர்கள். வினைலிலிருந்து கசியும் எண்ணெய்ச் சத்து பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். சக்கரத்தில் டிராக் வடிவத்திலேயே பள்ளம் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சூப்பர் குளூ ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்புகை

பெரிஸ்கோப் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால் மனம் பதறும். பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பொடியாகப் படிவது இது. பசையைக் குறைத்து, மெல்லிய மின்விசிறிக் காற்றில் ஒட்டினால் வராது. வந்ததைப் பெயின்ட் மறைத்துவிடும். கண்ணாடித் துண்டுகளைச் சூப்பர் குளூவால் ஒட்டவே வேண்டாம். மேட் வார்னிஷ் முடிந்த பிறகு வெள்ளைப் பசையால் வையுங்கள். பெரிஸ்கோப் முகத்தில் கருப்புக்கு மேல் தமியா கிளியர் கிரீன் ஒரு துளி, காய்ந்ததும் கிளாஸ் ஒரு துளி.

பசைக் குழாயைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வர அரைமணி நேரம் விடுங்கள். சில்லென்ற குழாயைத் திறந்தால் உள்ளேயே ஈரம் கோத்துக் கெட்டிப்பட்டுவிடும்.

முடித்து வைத்த மாடலில் சில மாதம் கழித்துப் பூஞ்சை

மண், பஞ்சு நார், காய்ந்த இலைத்தூள் வைத்து அலங்கரித்த அடித்தளத்தில்தான் முதலில் வரும். இலைத்தூள் பயன்படுத்துவதானால் குறைந்த சூட்டில் அடுப்பில் வைத்து நன்றாக உலர்த்தி, வார்னிஷில் தோய்த்துவிட்டு வையுங்கள். வந்துவிட்ட பூஞ்சையை உலர்ந்த மெல்லிய பிரஷால் ஜன்னலோரம் வைத்துத் தட்டிவிடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணி பட்டால் பிக்மென்ட் போய்விடும், பூஞ்சையும் பரவும்.

கேமரா வைக்கும் டிரை கேபினட் வீட்டில் சும்மா இருந்தால் அதுவே டாங்கிக்குச் சிறந்த இடம். 45-லிருந்து 50 வரை வையுங்கள். அதற்குக் கீழே இறக்க வேண்டியதில்லை. கேபினட் இல்லாதவர்கள் மூடி இறுகும் கண்ணாடிப் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கிண்ணம் வையுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானதும் சூடு காட்டி உலர்த்தித் திரும்பப் போடலாம். என் பெண்டேகார் பெட்டியில் ஈரமானியும் உள்ளேயே இருக்கிறது. இன்று மாலை வெளியே நல்ல மழை. அறையில் 84 காட்டுகிறது, பெட்டிக்குள் 51.